காணிப்பாக்கம் வழியில் துணி வாங்குதல்: வெளிநாட்டு விருந்தினரை அழைத்து வருவோருக்கு

காணிப்பாக்கம், திருப்பதி, காளஹஸ்தி மூன்றையும் ஒரே சுற்றில் பார்க்க வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்குத் துணி வாங்கும் வேலை இரண்டு விதமாக வரும். ஒன்று, சன்னிதிக்குக் கட்டிக்கொண்டு போக. இன்னொன்று, ஊருக்கு எடுத்துப் போக. இந்த இரண்டையும் ஒரே கடையில், ஒரே மாலையில் முடிக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் பணமும் போகிறது, துணியும் பிடிக்காமல் போகிறது. மறுநாள் விடியற்காலைத் தரிசனத்துக்கு ஒரு புடவை வேண்டும் என்று இரவு எட்டு மணிக்குக் கடைக்குள் நுழைந்தவர், முப்பதாயிரம் ரூபாய்ப் பட்டோடு வெளியே வருவார். கட்டத் தெரியாத அந்தப் பட்டை உடுத்திக்கொண்டு வரிசையில் பல மணி நேரம் தரையில் உட்காருவார். துணிக்கும் நல்லதில்லை, கட்டியவருக்கும் நல்லதில்லை.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். கோயிலுக்கான துணியைப் பயணத்தின் முதல் நாளிலேயே, பருத்தியில், சிக்கனமாக வாங்கிவிடுங்கள். கொண்டுபோகும் துணியைக் கடைசியில், அது உருவாகும் இடத்துக்கே போய், நேரம் எடுத்து வாங்குங்கள்.

எங்கே இறங்கி எங்கே வாங்குவது

காணிப்பாக்கம் ஐராலா மண்டலத்தில் இருக்கிறது. சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், திருப்பதியிலிருந்து சுமார் 70. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் துண்டு, சின்ன வேட்டி, வளையல், பூஜைப் பொருள்கள் கிடைக்கும். அவசரத்துக்கு அவை போதும். அளவு பார்த்து, நிறம் பார்த்து, பெரிய உடம்புக்காரருக்கு ஏற்றதைத் தேடி எடுக்க அந்த இடம் போதாது.

சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ வருபவர்கள் வேலூரிலும் சித்தூரிலும் முதல் கொள்முதலை முடித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர்தான். ரேணிகுண்டா விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்குத் திருப்பதி காந்தி சாலையும், கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றிய கடைத்தெருக்களும் வசதி. பெங்களூரிலிருந்து காரில் வருபவர்கள் புறப்படும் முன்பே வாங்கிவிடுவது உத்தமம். வழியில் நிறுத்தி நிதானமாகப் பார்க்க மனம் இருக்காது.

சித்தூர்க் கடைத்தெருவில் தமிழர் தயங்க வேண்டியதில்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை அந்தப் பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்தது. கடைக்காரர்களில் பலருக்குத் தமிழ் வீட்டு மொழி, மற்றவர்களுக்குக் காதில் பழகிய மொழி. ‘அண்ணா’, ‘அக்கா’ என்று கூப்பிட்டால் தமிழிலும் செல்லும், தெலுங்கிலும் செல்லும். இருந்தாலும் சில தெலுங்குச் சொற்கள் கைவசம் இருக்கட்டும்: புடவைக்குச் ‘சீர’, வேட்டிக்குப் ‘பஞ்ச’, மேல்துண்டுக்குக் ‘கண்டுவா’, பாவாடை தாவணிக்கு ‘லங்கா ஓணி’. விலை கேட்க ‘எந்தண்டி?’, குறைத்துத் தரச் சொல்ல ‘தக்கிஞ்சண்டி’.

தவிர்க்க வேண்டிய காலத்தையும் சொல்லிவிடுகிறேன். விநாயக சதுர்த்தி தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம் காணிப்பாக்கத்தில் பிரம்மோற்சவம். அடுத்துத் திருமலையில் புரட்டாசிக் கூட்டம். அந்த நாட்களில் இந்த ஊர்களின் துணிக்கடைகளில் நிதானமாகப் பேசி வாங்க முடியாது. தையல்காரரும் கிடைக்க மாட்டார்.

திருமலை என்ன கேட்கிறது

மூன்று கோயில்களில் உடை விதி கண்டிப்பானது திருமலையில்தான். ஆர்ஜித சேவைகளுக்கும், 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுத் தரிசனத்துக்கும் ஆண்கள் வேட்டியும் மேல்துண்டும் அணிய வேண்டும், அல்லது பைஜாமாவும் குர்தாவும். பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி, அல்லது துப்பட்டாவோடு சுடிதார். ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, டி-சர்ட் கூடாது.

இதில் வெளிநாட்டுப் பெண்கள் அதிகம் சிக்கிக்கொள்வது துப்பட்டாவில். அழகான குர்தி, கீழே லெக்கிங்ஸ் என்று வாங்கிவிடுவார்கள். கடையில் அது ‘இந்திய உடை’தான். வாசலில் அது போதாது. குர்தி தனியாக விற்கும் கடையில் எடுத்தால், அடுத்த கடையிலேயே ஒரு பருத்தித் துப்பட்டாவையும் எடுத்துவிடுங்கள். இரண்டரை மீட்டர் நீளமுள்ளதாக எடுத்தால் தோளில் நிற்கும். வெயிலில் தலைக்கும் ஆகும்.

காணிப்பாக்கத்தில் அபிஷேகத்திலோ ஹோமத்திலோ உட்கார நினைப்பவர்களும் இதே உடையில் போவதே முறை. ஆகவே திருமலைக்கு என்று வாங்கியதை இரண்டு ஜோடியாக வாங்கினால் மூன்று கோயிலுக்கும் போதும். ஒன்று துவைத்துக் காயும், ஒன்று உடம்பில் இருக்கும்.

துணியோடு சேர்ந்ததல்ல, ஆனாலும் முன்கூட்டியே விருந்தினரிடம் சொல்ல வேண்டியது: இந்து அல்லாதவர்கள் திருமலையில் தரிசனத்துக்கு முன் ஏழுமலையான்மீது நம்பிக்கை உண்டு என்று ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதில் கையெழுத்திட விருப்பமா இல்லையா என்பதை அவர் வீட்டிலேயே யோசித்து முடிவு செய்யட்டும். புதுத்துணி கட்டி அழைத்துப் போய் வாசலில் நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்பது மரியாதை இல்லை.

ஆண்களுக்கு

கடைக்குள் போனதும் கேட்பார்கள்: “நாலு முழமா, எட்டு முழமா சார்?” விருந்தினர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். நாலு முழம் என்பது ஏறத்தாழ இரண்டு மீட்டர், ஒற்றை அடுக்கு. எட்டு முழம் அதைப்போல் இரு மடங்கு, மடித்துக் கட்டுவது. வெள்ளை வேட்டி ஒற்றையாக இருந்தால் வெளிச்சத்தில் உள்ளே தெரியும். பழக்கமில்லாதவருக்கு அந்தக் கூச்சமே போதும், நடை மாறிவிடும். எட்டு முழம் வாங்குங்கள். வேட்டியின் அகலம் பொதுவாக 50 அங்குலம், ஆகவே ஆறடி உயரக்காரருக்கும் கணுக்கால்வரை வரும். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இடுப்புச் சுற்றளவைப் பற்றித்தான் கவலை.

அதற்குத்தான் ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ என்று கடைக்காரர்கள் சொல்லும், வெல்க்ரோ வைத்துத் தைத்த வேட்டி. சிலர் இதைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கையில் பிரசாதம், தோளில் தூங்கும் குழந்தை, முன்னும் பின்னும் தள்ளும் கூட்டம்: இந்த நிலையில் வேட்டி அவிழுமோ என்ற பயம் இல்லாமல் ஒருவர் சாமியைப் பார்க்கட்டும். பை வைத்துத் தைத்ததாகக் கேளுங்கள். திருமலைக் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஆனாலும் டிக்கெட், அடையாளச் சான்று, கொஞ்சம் பணம் வைக்க இடம் வேண்டும். வாங்கும்போதே கடையில் சுற்றி ஒட்டிப் பார்த்து, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ஒட்டும் பட்டை இரண்டும் முழுவதுமாக ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஓரம் மட்டும் ஒட்டியிருந்தால் உட்காரும்போது விட்டுக்கொள்ளும்.

மேலுக்கு அங்கவஸ்திரம் மட்டும் போட்டு வெற்றுடம்போடு நிற்கச் சங்கடப்படுபவருக்குப் பைஜாமா-குர்தா நல்ல வழி. பைஜாமாவில் நாடா உண்டு, அளவுப் பிரச்சினை குறைவு. குர்தாவைத் தோள் அளவு பார்த்து எடுக்க வேண்டும், சட்டை எண்ணைப் பார்த்து அல்ல. பருத்தி என்றால் ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள், முதல் துவைப்பில் சுருங்கும்.

இந்த வேட்டி, குர்தா எல்லாம் சில நூறு ரூபாயில் நல்ல தரத்தில் கிடைக்கும். சேலம் வெண்பட்டு வேட்டி காட்டுவார்கள். அது கல்யாணத்துக்கு. வரிசையில் நிற்க வேண்டாம்.

பெண்களுக்கு: முதல் புடவை

முதன்முதலில் புடவை கட்டும் ஒருவருக்குப் பட்டு கனம். ஜார்ஜெட் வழுக்கும். கஞ்சி போட்ட புதுப் பருத்தி உப்பிக்கொண்டு நிற்கும், கொசுவம் படியாது. என் தேர்வு மங்களகிரிப் பருத்தி. குண்டூர்ப் பக்கத்து நெசவு, ஆந்திரா முழுவதும் கிடைக்கும். உடல் பகுதி வெறுமையாக, ஓரத்தில் மெல்லிய சரிகையோடு இருக்கும். மடிப்பு சொன்னபடி கேட்கும், வேர்வையை உறிஞ்சும், ஊக்குக் குத்தினால் கிழியாது. திருப்பதியில் ஆந்திர அரசின் கைத்தறிக் கூட்டுறவான ஆப்கோ கடையில் பாருங்கள். விலை எழுதி ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது. வெளிநாட்டவர் என்பதால் விலை ஏறவும் ஏறாது.

புடவையைவிட அதிகம் சிரமம் தருவது ஜாக்கெட். புடவையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். உடல்வாகு பெரிதானவருக்கோ முழங்கை வரை கை வைக்க விரும்புபவருக்கோ அது எட்டாது. ஒரு மீட்டர் முதல் ஒன்றேகால் மீட்டர் வரை தேவை. அந்தத் துணியை நம்பிப் புடவையை வெட்டிவிட்டுப் பிறகு விழிக்க வேண்டாம். சாயம் பொருந்தும் வேறு துணி எடுத்துத் தைக்கக் கொடுங்கள், அல்லது இழுபடும் பின்னல் துணியில் ஆயத்த ஜாக்கெட் வாங்குங்கள். கோயிலுக்கு அது தாராளமாகப் போதும்.

தைக்கக் கொடுத்தால் அவசரத் தையலுக்குத் தனிக் கூலி கேட்பார்கள், கேட்பது நியாயம். ஹூக் முன்பக்கமா பின்பக்கமா, கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் என்று மூன்றையும் விருந்தினரைக் கேட்டு நீங்கள் சொல்லுங்கள். கோயிலுக்கு என்றால் முதுகு இறக்கம் குறைவாக இருக்கட்டும். அக்குள் பக்கத்தில் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைக்கச் சொன்னால், ஊரில் போய்ப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். கூடவே ஃபால்ஸ் அடிக்கவும் ஓரம் அடிக்கவும் கொடுத்துவிடுங்கள். ஃபால்ஸ் இல்லாத புடவை நடக்க நடக்கக் காலில் சுருண்டு ஏறும். புதிதாகக் கட்டுபவர் தடுக்கி விழுவது அதனால்தான்.

உள்பாவாடை பருத்தியில், நாடா வைத்தது. அதை இறுக்கிக் கட்டினால்தான் புடவை நிற்கும் என்பதை யாரும் வெளிநாட்டுப் பெண்களுக்குச் சொல்வதில்லை. மென்மையான எலாஸ்டிக் பாவாடையில் கட்டிவிட்டு, புடவை நழுவுகிறது என்று ஊக்கு ஊக்காகக் குத்திக்கொள்வார்கள். ஆறு ஊக்கு கைப்பையில் இருக்கட்டும், இரண்டுக்கு மேல் தேவைப்படாது.

அலிபிரி வழியாகப் படியேறுவது என்று முடிவு செய்தவர்களுக்குப் புடவை வேண்டாம். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். சுடிதாரில் ஏறி, மேலே குளித்துப் புடவை மாற்றிக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை வாங்கும்போது உள்ளே டக் பிடித்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று டக் இருந்தால் ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து இறக்கலாம். கழுத்திலும் கையிலும் சரிகை உறுத்தும் இடத்தில் உள்துணி இருக்கிறதா என்று உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை வரிசையில் அழுவதற்குப் பாதிக் காரணம் அந்தச் சரிகைதான்.

காளஹஸ்தியின் கலம்காரி

இனி எடுத்துப் போகும் துணி. இந்தச் சுற்றில் வரும் எந்த வெளிநாட்டு விருந்தினரையும் நான் முதலில் அழைத்துப் போகச் சொல்வது ஸ்ரீகாளஹஸ்திக்கு. திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராகு கேது பூஜைக்கு வருபவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் சற்று நடந்தால் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் துணியை விரித்துக் கையால் எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம்.

எழுதுவதுதான் இங்கே தொழில். மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். அந்தச் சுற்றுதான் சாயத்தை உறிஞ்சி வைத்திருக்கும். விரலால் அழுத்த அழுத்த முனைக்குச் சாயம் இறங்கும். பருத்தித் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் பிடிக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைத் துணியோடு சேர்க்கிறது. புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைந்த பிறகு, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நீரில் பல நாள் புளிக்கவைத்த கரைசலால் கோடு இழுக்கிறார்கள். கரைசல் பானையில் அவ்வளவு கறுப்பாகத் தெரியாது. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் இரும்பு வினைபுரிந்து கோடு கறுக்கிறது. உங்கள் விருந்தினர் இதைக் கண்ணால் பார்க்கட்டும், பிறகு விலை கேட்கும்போது அவர் முகம் வேறாக இருக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, வேர்ச் சாயத்தில் கொதிக்கவிட்டு, ஓடும் நீரில் அலசுகிறார்கள். மஞ்சளும் நீலமும் அதன் பின். ஒவ்வொரு நிறத்துக்கும் இடையே துவைப்பு, காய்ச்சல். ஒரு புடவைக்கு வாரக்கணக்கில் ஆவது இதனால்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு தேய்ந்துபோயிருந்த இந்தக் கலையைக் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியும், 1950களில் காளஹஸ்தியில் தொடங்கிய பயிற்சி மையமும் மீட்டன. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

விருந்தினர் இங்கிலாந்துக்காரரோ பிரெஞ்சுக்காரரோ என்றால் அவர் நாட்டுக் கதையையும் சொல்லலாம். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயப் பருத்தி ஐரோப்பாவில் அவ்வளவு விரும்பப்பட்டது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. தன் பாட்டிமார் சட்டத்தை மீறி உடுத்திய துணியின் உறவைத்தான் அவர் கையில் பிடித்திருக்கிறார்.

இப்போது எச்சரிக்கை. ‘கலம்காரி’ என்ற பெயரில் கடைகளில் மீட்டர் கணக்கில் தொங்குவதில் பெரும்பங்கு ஆலையில் அச்சடித்தது. மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனாவில் மரக்கட்டையால் பதிக்கும் கலம்காரி இன்னொரு வகை. அதுவும் மதிப்புள்ள கைவேலைதான், தனிப் புவிசார் குறியீடும் பெற்றது. விலை மட்டும் குறைவு. மூன்றையும் பிரித்தறிவது கடினமில்லை. ஒரே பூவோ மயிலோ துணியில் இரண்டு இடத்தில் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் எழுதியதில் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். கட்டை அச்சில் உருவம் ஒன்றேதான், ஆனால் ஒரு பதிப்பும் அடுத்த பதிப்பும் சேரும் இடத்தில் மயிரிழை விலகல் தெரியும். ஆலை அச்சில் விலகலே இருக்காது. முகர்ந்தும் பாருங்கள். புதுக் காளஹஸ்தித் துணியில் பாலும் கடுக்காயும் கலந்த ஒரு வாசம் உண்டு.

கையெழுத்துக் கலம்காரிப் புடவைக்குப் பல ஆயிரம் ஆகும். அவ்வளவு செலவழிக்க முடியாதவர் துப்பட்டாவோ சுவரில் மாட்டும் சிறு படமோ வாங்கலாம். வரைபவரிடம் நேரடியாக வாங்கும்போது தயவுசெய்து பாதி விலைக்குக் கேட்காதீர்கள். தெருக்கடையில் பேரம் பேசுங்கள், அங்கே விலையே பேரத்தை எதிர்பார்த்துச் சொல்லப்படுவது. எழுதியவர் கூடத்தில் உட்கார்ந்து அவர் கூலியைக் குறைக்கும் பேச்சு வேண்டாம். விலை கைக்கு எட்டாவிட்டால் சிறியதாக ஒன்றைக் கேளுங்கள், அவரே எடுத்துக் காட்டுவார்.

வெங்கடகிரி, காஞ்சிபுரம்

காளஹஸ்தியிலிருந்து வெங்கடகிரி தூரமில்லை. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது நெல்லூரிலிருந்து அதில் வந்து சேர்ந்த ஊர். வெலுகோட்டி அரச குடும்பம் ஆதரித்து வளர்த்த நெசவு. நூறாம் நம்பர் நூலில் நெய்த பருத்தி, கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஜம்தானி முறையில் முந்தியில் போட்ட மயிலும் அன்னமும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். துணியைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் நூல்கள் தொங்கினால் அது அந்த வேலை அல்ல. கோடைக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை.

பட்டு என்றால் பலருக்கும் காஞ்சிபுரம்தான். சித்தூரிலிருந்து சென்னை திரும்பும் வழியில் கொஞ்சம் விலகினால் போதும். அங்கே வண்டி ஓட்டுநர் காட்டும் கடைக்குப் போகாதீர்கள். அவர் கமிஷன் உங்கள் பில்லில் ஏறும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளில் தொடங்குங்கள். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு தறிநாடா ஓட்டிக் கோர்த்த கோர்வைப் புடவையா என்று கேளுங்கள். கரை சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் அந்தக் கோர்ப்பு தட்டுப்படும்.

முத்திரைகளைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2004இல் வந்த சில்க் மார்க், நூல் சுத்தமான பட்டு என்று மட்டும் சொல்கிறது. கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. சரிகையைப் பற்றியும் சொல்லாது. 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், கையால் நெய்தது என்கிறது. பட்டுக்கு அது சாட்சி இல்லை. இரண்டும் இருந்தால் மகிழ்ச்சி. சரிகைக்கு, அதில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் எடுக்காதீர்கள். அசல் சரிகையின் உள்ளே இருப்பது பட்டு நூல், அதன்மேல் வெள்ளித் தகடு, அதன்மேல் தங்கப் பூச்சு. முந்தியின் ஓரத்தில் தொங்கும் பாவு நூல் இரண்டைப் பற்றவைத்தால், பட்டு முடி எரியும் வாசத்தோடு பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு கடையில் நடக்க வேண்டிய பேச்சு இப்படி இருக்கட்டும். “என்ன பட்ஜெட் சார்? அம்மாவுக்குப் பிரைடல் காட்டட்டுமா?” “வேண்டாம் அண்ணா, முதல்ல பத்தாயிரத்துக்குள்ள காட்டுங்க. பிடிச்சா நாங்களே மேல கேக்கறோம்.” முதலில் தொட்ட விலைதான் அன்றைய மாலையை நடத்தும், அதை நீங்கள் சொல்ல வேண்டும். விருந்தினர் ஒன்றைப் பார்த்துக் கண் விரிந்தால் விலையை அப்போது கேட்காதீர்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு இன்னும் இரண்டு பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

நூறாண்டு பழைய கோயில் துணி, அரண்மனைப் பட்டு என்று யாராவது காட்டினால் வாங்க வேண்டாம். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. பொய்யாக இருந்தால் பணம் போகும், உண்மையாக இருந்தால் விமான நிலையத்தில் சிக்கல்.

பணம், பில், பெட்டி

பெரிய கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லும். காணிப்பாக்கத்துச் சிறு கடைகளும் காளஹஸ்தி வீடுகளும் ரொக்கமோ யுபிஐயோ கேட்கும். வெளிநாட்டவருக்காக 2023இல் வந்த ‘யுபிஐ ஒன் வேர்ல்ட்’ பணப்பையைக் கடவுச்சீட்டும் விசாவும் காட்டித் திறந்துகொள்ளலாம். அதற்கு நேரமில்லை என்றால் நீங்கள் யுபிஐயில் கொடுத்துவிட்டு அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் 2025 செப்டம்பருக்குப் பிறகு ஒரு வேறுபாடு உண்டு. தைத்த உடை 2,500 ரூபாய்வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். புடவை தைக்காத துணி என்பதால் எந்த விலையிலும் 5தான். விலையுயர்ந்த ஆயத்த லெஹங்காவுக்கும் அதே விலைப் புடவைக்கும் இடையே தயங்குபவருக்கு இது உதவும். சில நாடுகளைப்போல விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறும் ஏற்பாடு இந்தியாவில் நடைமுறையில் இல்லை. ஆகவே ‘அங்கே வாங்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கூடுதல் விலைக்கு இணங்க வேண்டாம். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். இறங்கும் நாட்டின் சுங்கத்தில் கேட்கலாம்.

பட்டைப் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருக்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். சரிகையை உள்பக்கமாக மடித்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் ஒரே இடத்தில் முறியாது. நாப்தலின் உருண்டை சரிகையில் படக்கூடாது. கலம்காரியை முதல் இரண்டு மூன்று முறை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். துவைப்பு இயந்திரத்தில் போடக்கூடாது. இந்த நான்கு வரியை விருந்தினரின் மொழியில் ஒரு தாளில் எழுதித் துணிக்குள்ளேயே மடித்து வைத்துவிடுங்கள். பெட்டி எடை கூடிவிட்டால் திருப்பதித் தலைமை அஞ்சலகத்திலிருந்து வெளிநாட்டுப் பார்சலாக அனுப்பலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே கேட்பார்கள், ஆகவே பொட்டலத்தை ஒட்டாமல், பில்லோடும் கடவுச்சீட்டு நகலோடும் எடுத்துப் போங்கள்.